புத்தாண்டுத் தீர்மானங்கள்: பதினெட்டாம் நூற்றாண்டு தரும் பாடங்கள்

ஆண்டின் இறுதி இரவில் நம் ஆலயங்கள் நிறைகின்றன. ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காக வாராதவர்களும் அவ்விரவில் குடும்பத்தோடு வந்து அமர்கின்றனர். வேதத்தை ஓராண்டில் படித்து முடிப்பதாகவும், குடும்ப ஜெபத்தைத் தவறாது நடத்துவதாகவும், குடியை விட்டொழிப்பதாகவும், இனிக் கடன் வாங்குவதில்லை என்றும் பலர் தம் உள்ளத்தில் தீர்மானம் செய்துகொள்கின்றனர். அத்தீர்மானங்களுள் பல, பொங்கல் திருநாள் கழிவதற்கு முன்னரே நெகிழ்ந்துபோவதை ஆயர் பணி செய்வோர் அறிவர். இதன் விளைவு சிறியதன்று. சிலர் தீர்மானம் செய்வதையே நகைப்புக்குரியதாகக் கருதத் தொடங்குகின்றனர். வேறு சிலர், தாம் கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டதாகக் கலங்கி, ஆலயத்திற்கு வரவே கூசுகின்றனர். முன்னவர்களை ஏளனம் பிடிக்கிறது. பின்னவர்களை அவநம்பிக்கை பிடிக்கிறது. இவ்விரண்டுமே ஆன்மாவுக்குக் கேடு விளைப்பவை.

எனவே, நிறைவேற்றக்கூடிய தீர்மானம் எது, அதனை எவ்வாறு அமைப்பது என்னும் வினா வெறும் பழக்கவழக்கத்தைப் பற்றிய வினா ஆகாது. இவ்வினாவுக்கு விடை காணப் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நால்வரை நாம் இக்கட்டுரையில் அணுகுகிறோம். யோனத்தான் எட்வர்ட்ஸ், பெஞ்சமின் பிராங்க்ளின், சாமுவேல் ஜான்சன், யோவான் வெஸ்லி ஆகிய இந்நால்வரும் ஆங்கிலம் பேசிய உலகின் மக்கள். முதல் மூவரும் 1703க்கும் 1709க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள். வெஸ்லியும் 1703இல் பிறந்தவரே. நால்வரும் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள முயன்றனர். அம்முயற்சியை எழுத்திலும் விட்டுச் சென்றனர். அவர்கள் வென்ற இடங்களும் தோற்ற இடங்களும் நமக்கு ஒருங்கே பயன்படுவன.

1. ஆண்டின் தொடக்க நாள்

ஜனவரி முதல் நாள் இயற்கையில் எவ்விதச் சிறப்பும் உடைய நாளன்று. அது ஆட்சியின் வசதிக்காக அமைந்த நாள். கி.மு. 153 முதல் உரோமையின் கான்சல்கள் அந்நாளில் பதவி ஏற்றனர். அரசின் நலம் கருதித் தம் தெய்வங்களுக்குப் பொருத்தனைகளும் செய்தனர். யூலியு சீசர் திருத்திய நாட்காட்டி கி.மு. 45 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. கேளிக்கையும் குடியும் பரிசுப் பரிமாற்றமும் மிகுந்திருந்த அந்நாளைத் தொடக்ககாலத் திருச்சபை ஐயத்தோடு நோக்கியது. அகுஸ்தீன் தம் மக்களுக்கு அந்நாளில் ஆற்றிய அருளுரையில், பிறர் பரிசு வழங்கும்போது நீங்கள் ஏழைகளுக்குப் பிச்சையிடுங்கள் என்னும் கருத்தை வற்புறுத்தினார். 567இல் கூடிய தூர் நகரச் சங்கம் ஆண்டின் முதல் நாள்களில் மன்றாட்டு வழிபாடுகளை நடத்துமாறு பணித்தது. கொண்டாட்டத்தைத் தடுப்பதோடு நில்லாமல், அதனினும் மேலானதொன்றை அந்நாளில் வைக்கத் திருச்சபை முயன்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

இங்கிலாந்திலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் சட்டப்படியான ஆண்டு பல நூற்றாண்டுகளாக மார்ச் 25ஆம் நாளிலேயே தொடங்கிற்று. 1751ஆம் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிக்கப்பட்டமையால் அவ்வாண்டு 282 நாள்களே கொண்டிருந்தது. 1752 முதலே அங்கு ஜனவரி முதல் நாள் சட்டப்படி ஆண்டுப் பிறப்பாயிற்று. இதனால்தான் நாம் காணவிருக்கும் எட்வர்ட்ஸ் தம் நாட்குறிப்பில் ஜனவரி மாதத்து நாள்களுக்கு 1722-23 என இரட்டை ஆண்டு இட்டு எழுதினார். நாள் மனிதர் வகுத்தது. ஆயினும் கணக்குப் பார்ப்பதற்கு ஒரு நாள் வேண்டும் என்னும் தேவை மனித உள்ளத்தில் ஆழமாகப் பதிந்துள்ளது. வணிகர் ஆண்டுக் கணக்கை முடித்துப் புதுக் கணக்கைத் தொடங்குவதை நாம் அறிவோம். ஆன்மாவின் கணக்கும் அவ்வாறே.

2. எட்வர்ட்ஸ்: எழுபது தீர்மானங்கள்

1722 ஆகஸ்டில் நியூயார்க் நகருக்கு வந்து ஒரு சிறு பிரஸ்பிட்டேரியன் சபைக்கு உபதேசியாகப் பணியாற்றிய எட்வர்ட்சுக்கு அப்போது வயது பதினெட்டு. அங்கிருந்த காலத்திலேயே அவர் தம் தீர்மானங்களில் பெரும்பகுதியை எழுதினார். 1723 ஆகஸ்ட் 17ஆம் நாள் எழுபதாவது தீர்மானத்தோடு அப்பட்டியல் முடிவுற்றது. கடவுளின் துணையின்றித் தம்மால் ஒன்றும் இயலாது என்னும் அறிக்கையோடு அது தொடங்குகிறது. வாரத்திற்கு ஒருமுறை அதனைப் படிக்க வேண்டும் என்பதும் அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியமம்.

அத்தீர்மானங்கள் பலவகைப்பட்டவை. ஒரு கணத்தையும் வீணாக்குவதில்லை என்பது ஒன்று. தம் வாழ்வின் இறுதி மணிநேரத்தில் செய்ய அஞ்சும் எதனையும் எந்நேரத்திலும் செய்வதில்லை என்பது மற்றொன்று. உணவிலும் பானத்திலும் அளவு காத்தல், பிறரைப் பற்றித் தீது பேசாதிருத்தல், நாள், வாரம், மாதம், ஆண்டு என ஒவ்வொன்றின் முடிவிலும் தம்மைத் தாம் வினவிக்கொள்ளுதல் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். வாரந்தோறும் தாம் காத்த தீர்மானங்களையும் மீறிய தீர்மானங்களையும் அவர் கணக்கிட்டார்.

இவ்வளவு கடுமையான திட்டம் அவரைத் தளரச் செய்யவில்லையா எனில், செய்தது. 1723 ஜனவரி 2ஆம் நாளுக்குரிய நாட்குறிப்பில், எத்தனை தீர்மானங்கள் செய்தாலும் எத்தனை வழிவகைகள் கண்டாலும் தூய ஆவியின் அசைவின்றி அனைத்தும் வீண் என்று தாம் பட்டறிவால் கண்டதாக அவர் பதிவு செய்துள்ளார். பத்து நாள்கள் கழித்து, ஜனவரி 12ஆம் நாளில், அவர் தம்மையே முழுமையாகக் கடவுளுக்கு ஒப்படைத்தார். அதனைப் புதியதொரு செயலாக அவர் கருதவில்லை என்பது நோக்கத்தக்கது. திருமுழுக்கில் செய்யப்பட்டதும், சபையின் நற்கருணை ஐக்கியத்தில் சேர்ந்தபோது தாம் உறுதி செய்ததுமாகிய ஒப்படைப்பின் புதுப்பித்தலாகவே அதனை அவர் நாற்பத்திரண்டாம் தீர்மானத்தில் குறித்தார்.

அவருடைய பட்டியலில் நாம் மிகவும் போற்றத்தக்கது மூன்றாம் தீர்மானமாகும். தாம் என்றேனும் சோர்ந்து இத்தீர்மானங்களைக் கைவிட நேர்ந்தால், தெளிவு வந்தவுடன் நினைவுக்கு எட்டியவரை மனந்திரும்பி மீண்டும் தொடங்குவது என்பதே அதன் சாரம். தவறுதலை முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்கும் ஒரு வழியைத் திட்டத்திற்குள்ளேயே அமைத்துவைத்த நுண்மை இங்குக் காணப்படுகிறது. பிற்காலத்தில் தம் ஆன்மீக வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, இளமையில் தம் சொந்த வலிமையை அளவுக்கு மீறி நம்பியது தமக்குக் கேடு விளைத்தது என்றும் அவர் அறிவித்தார்.

இன்னுமோர் உண்மையையும் வரலாற்று நேர்மை கருதி நாம் கூறியாக வேண்டும். கணங்களையும் கவளங்களையும் எண்ணிக் கணக்கிட்ட இதே எட்வர்ட்ஸ், 1731இல் நியூபோர்ட் துறைமுகத்தில் வீனஸ் என்று பெயரிடப்பட்டிருந்த ஓர் ஆப்பிரிக்கச் சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கினார். எழுபது தீர்மானங்களுள் ஒன்றேனும் அவரை அச்செயலினின்று தடுத்து நிறுத்தவில்லை. தன்னாய்வு எவ்வளவு நுட்பமாயினும், காலமும் சமுதாயமும் கண்ணில் கட்டிய திரையை அது தானாகவே அகற்றிவிடுவதில்லை. இதனைப் பின்னர் மீண்டும் கருதுவோம்.

3. பிராங்க்ளின்: ஒரு வாரத்திற்கு ஓர் அறம்

எட்வர்ட்சுக்கு மூன்று ஆண்டுகள் பின்னர் பாஸ்டனில் பிறந்த பிராங்க்ளின் சமயப் பற்றில் அவரினும் வேறுபட்டவர். அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அவர், ஒழுக்கத்தையும் கைத்தொழிலைப்போல் முறையாகப் பயிலலாம் என எண்ணினார். மிதமான உணவு, மௌனம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி முதலிய பன்னிரண்டு அறங்களை அவர் முதலில் தேர்ந்தார். குவேக்கர் சமயத்து நண்பர் ஒருவர், நீர் செருக்குடையவர் என்று ஊரார் கருதுகின்றனர் என எடுத்துரைத்து, சான்றுகளையும் காட்டினார். அதன்பின் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது.

அவருடைய முறை எளியது. ஒரு சிறு ஏட்டில் ஒவ்வோர் அறத்திற்கும் ஒரு பக்கம். பக்கத்தில் வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு பத்திகள். பதின்மூன்று அறங்களுக்குப் பதின்மூன்று வரிசைகள். மாலையில் தம்மை ஆராய்ந்து, தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி இடுவார். ஒரு வாரத்தில் ஓர் அறத்தின்மீது மட்டுமே முழுக் கவனம். ஏனையவை வழக்கம்போல் விடப்படும். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். தோட்டத்தில் களை பறிப்பவன் எல்லாப் பாத்திகளிலும் ஒரே வேளையில் கை வைப்பதில்லை. ஒரு பாத்தியை முடித்தபின் அடுத்ததற்குச் செல்கிறான் என்பதே அவர் காட்டிய உவமை.

பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி ஏட்டின் தாள்களில் ஓட்டைகள் விழுந்தனவாம். ஆதலின் அவர் அட்டவணையைத் தந்தத் தகடுகளுக்கு மாற்றி, ஈரப் பஞ்சால் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டார். தாம் எண்ணியதைவிடத் தம்மிடம் குறைகள் மிகுதி என்று கண்டு வியந்தாலும், அவை குறைந்து வருவதைக் காணும் நிறைவும் கிட்டியது என்று தம் தன்வரலாற்றில் கூறுகிறார். அப்பகுதியை அவர் 1784இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், பாரிசுக்கு அருகிலுள்ள பாசியில் எழுதினார். ஒழுங்கு என்னும் அறம் மட்டும் இறுதிவரை அவருக்குப் பிடிபடவில்லை. பணிவைப் பற்றியோ, பணிவு முழுமையாக வந்துவிட்டால் அதைப் பற்றியும் செருக்குக் கொள்வேன் என அவர் நயமாக ஒப்புக்கொண்டார்.

இறையியல் நோக்கில் இம்முறையில் குறை உண்டு. பாவத்தின் ஆழத்தைப் பிராங்க்ளின் அறியவில்லை. மனிதனைத் திருத்த ஓர் அட்டவணை போதும் என்னும் நம்பிக்கை அதில் மேலோங்கி நிற்கிறது. ஆயினும் ஒரு வேளையில் ஒன்றையே எடுத்தல், அதனைக் கண்ணால் காணும் வகையில் பதிவு செய்தல், குறித்த காலத்தில் மீண்டும் அதற்கே திரும்பி வருதல் ஆகிய மூன்றும் அவரிடமிருந்து நாம் கற்கத்தக்கவை. குறையைச் சுட்டிக் காட்டிய நண்பரையும் மறத்தலாகாது. பன்னிரண்டு அறங்களைத் தாமே கண்ட ஒருவருக்குப் பதின்மூன்றாவது அறத்தைப் பிறரே காட்ட வேண்டியிருந்தது.

4. ஜான்சன்: ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்கு

ஆங்கில அகராதியை ஆக்கிய சாமுவேல் ஜான்சனின் ஜெபங்களும் தியானங்களும் அவர் இறந்த மறு ஆண்டாகிய 1785இல் அச்சேறின. அந்நூலைப் படிப்போர், இத்துணைப் பேரறிஞர் இவ்வளவு எளிய செயலிலா தோற்றார் என வியப்பர். புத்தாண்டு நாள், பெரிய வெள்ளி, ஈஸ்டர், தம் பிறந்த நாள், மனைவி மறைந்த நாள் ஆகிய நாள்களில் அவர் ஜெபம் எழுதி, தீர்மானம் செய்வது வழக்கம். அவற்றுள் மீண்டும் மீண்டும் வருவது, அதிகாலையில் எழ வேண்டும் என்பதே. இளமை முதலே உடல்நோயும் மனச்சோர்வும் அவரை வருத்தின. இரவில் உறக்கமின்மையும், அதனால் பகலில் நெடுநேரம் படுக்கையில் கிடத்தலும் அவருக்குத் தீராத துன்பமாயிருந்தன.

1764இல் அவர் இயன்றால் ஆறு மணிக்கு எழுவது என்று தீர்மானித்தார். 1765 ஈஸ்டரில் அத்தீர்மானம் மாற்றம் பெறுகிறது. எட்டு மணிக்கு எழுவேன். இது அதிகாலை ஆகாதெனினும், பலமுறை பிற்பகல் இரண்டு மணிவரை படுத்திருக்கும் எனக்கு இது பெரிதும் முன்னேற்றமே என்னும் கருத்தை அவர் அன்று எழுதினார். இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று நாம் கொள்ளலாகாது. ஆறு மணி என்பது பிறர் வகுத்த இலட்சியம். எட்டு மணி என்பது தம் உண்மை நிலையை அளந்து பார்த்தபின் வகுத்த இலக்கு. தான் எங்கே நிற்கிறான் என்பதை அறியாதவன், எவ்வளவு தொலைவு நடக்க இயலும் என்பதையும் அறியான்.

எட்டு மணி இலக்கையும் அவர் நிலையாகக் காக்கவில்லை. 1775 பெரிய வெள்ளியன்று அவர் எழுதிய குறிப்பு உருக்கமானது. ஆண்டுதோறும் செய்யப்பட்டுக் கவனக்குறைவாலும் மறதியாலும் சோம்பலாலும் நோயாலும் முறிந்துபோன தீர்மானங்களை எண்ணிப் பார்க்கிறார். பின்னும் ஏன் தீர்மானம் செய்ய முயல்கிறேன் எனத் தம்மையே வினவுகிறார். சீர்திருந்துவது இன்றியமையாதது, நம்பிக்கை இழப்பதோ குற்றம், ஆதலின் கடவுளின் துணையைத் தாழ்மையோடு நம்பி மீண்டும் முயல்கிறேன் என்னும் பொருள்பட விடை தருகிறார். தவறியவர்களுக்கு ஆயர் கூறத்தக்க ஆறுதல் வேறென்ன இருக்க முடியும்?

இங்கு மற்றொரு செய்தியும் சிந்தனைக்குரியது. படுக்கையைவிட்டு எழ இயலாத இதே மனிதர், 1750 மார்ச் முதல் 1752 மார்ச் வரை வாரத்திற்கு இருமுறை வெளிவந்த 'ராம்ப்ளர்' என்னும் இதழின் 208 கட்டுரைகளுள் மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தையும் தாமே எழுதினார். மனைவியின் இறுதி நோயின் காலமும் அதுவே. சோம்பேறி எனத் தம்மைத் தாமே பழித்துக்கொண்டவரால் இது எங்ஙனம் இயன்றது? செவ்வாயும் சனியும் தவறாது வந்தன. அச்சகத்தார் கையெழுத்துப் படிக்காகக் காத்திருந்தனர். தனக்குத்தானே செய்துகொண்ட தீர்மானம் முறிந்தது. பிறர் காத்திருந்த கடமை நிறைவேறியது. மனிதனின் மனவுறுதி தனிமையில் மெலிவதும், பிறரோடு பிணைக்கப்பட்டபோது வலுப்பெறுவதும் இதனால் விளங்கும்.

5. வெஸ்லி: சபையாகக் கூடிச் செய்த உடன்படிக்கை

வெஸ்லியும் எட்வர்ட்சைப் போலவே தனிமனிதத் தன்னாய்வில் தொடங்கியவர். 1725 முதல் அவர் காலத்தைக் கணக்கிட்டு நாட்குறிப்பு எழுதினார். ஆயினும் அவருடைய சிறந்த பங்களிப்பு, தீர்மானத்தைத் தனி அறையிலிருந்து சபையின் நடுவே கொணர்ந்ததாகும்.

பதினேழாம் நூற்றாண்டுத் தூய்மைவாதியாகிய ரிச்சர்ட் அலீனின் நூலிலிருந்து எடுத்த உடன்படிக்கை வாசகத்தைக் கொண்டு, 1755 ஆகஸ்ட் 11ஆம் நாள் இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்சிலுள்ள பிரெஞ்சு ஆலயத்தில் வெஸ்லி ஓர் ஆராதனையை நடத்தினார். ஏறத்தாழ 1800 பேர் எழுந்து நின்று அவ்வுடன்படிக்கைக்கு இசைவு தெரிவித்தனர். 1780இல் அவர் அதற்கான வழிகாட்டிச் சிறுநூலை வெளியிட்டார். நாளடைவில் அவ்வாராதனை ஆண்டின் தொடக்கத்தோடு இணைந்து மெதடிஸ்டு மரபில் நிலைபெற்றது. 1947இல் மெதடிஸ்டுகளும் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு மரபிலும் உடன்படிக்கை ஆராதனை இடம்பெற்றது. கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே வளர்ந்த விழித்திருக்கும் இரவு வழிபாடும் நம் ஆண்டிறுதி ஆராதனைக்கு முன்னோடிகளுள் ஒன்றாகும். முன்பு மதுக்கடையில் கழித்த இரவுகளை அவர்கள் ஜெபத்தில் கழித்தனர். ஒரு தீய வழக்கத்தை நீக்கிய வெற்றிடத்தில் நல்வழக்கம் ஒன்றை அமைத்தமை இங்கும் காணப்படுகிறது.

உடன்படிக்கை ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் வாரந்தோறும் நடந்தது வகுப்புக் கூட்டம். அதன் தோற்றம் மிக எளியது. 1742இல் பிரிஸ்டல் நகர ஆலயத்தின் கடனை அடைப்பதற்கு ஒவ்வோர் உறுப்பினரும் வாரத்திற்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என முடிவாயிற்று. பலர் அதற்கும் இயலாத ஏழைகள் என்று ஒருவர் கூறினார். கேப்டன் ஃபாய் என்பவர், மிக ஏழைகளாகிய பதினொருவரை என்னிடம் ஒப்படையுங்கள். வாரந்தோறும் அவர்களைச் சென்று காண்பேன். அவர்களால் இயலாததை என் கையிலிருந்து ஈடு செய்வேன் என முன்வந்தார். இவ்வாறு பன்னிருவர் கொண்ட குழுக்கள் அமைந்தன. காசு சேர்க்கச் சென்றவர்கள் வீடுகளின் உண்மை நிலையைக் கண்டனர். ஒருவன் குடியில் மீண்டும் விழுந்ததையும், ஒருத்தி துயரில் வாடியதையும் அறிந்தனர். கடன் அடைக்கும் ஏற்பாடு ஆன்ம கவனிப்பின் ஏற்பாடாக மாறிற்று.

ஒரு பென்னி என்பது சிறு தொகை. ஒரு வாரம் என்பது குறுகிய காலம். கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு. இயலாதபோது தாங்குவதற்கும் அவரே உண்டு. நிறைவேற்றக்கூடிய தீர்மானத்தின் உறுப்புகள் அனைத்தும் இவ்வெளிய ஏற்பாட்டில் அடங்கியுள்ளன எனலாம்.

6. ஒப்புநோக்கு

இந்நால்வரையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது முதலாவதாக ஒரு வேறுபாடு புலனாகிறது. ஒப்படைப்பு வேறு, தீர்மானம் வேறு. ஒப்படைப்பு முழுமையானது, அதில் பாதி, கால் என்னும் பேச்சுக்கு இடமில்லை. எட்வர்ட்சின் ஜனவரி 12ஆம் நாளும் வெஸ்லியின் உடன்படிக்கையும் அத்தகையவை. தீர்மானமோ அளவானது, இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னதைச் செய்வேன் என்பது. நம்மிடையே பெரும் குழப்பம் விளைவது இவ்விரண்டும் கலக்கும்போதுதான். ஒப்படைப்பைத் தீர்மானமாகக் கொள்வோர், இனிக் கோபமே கொள்ளேன் என முழு வாழ்வையும் ஒரே நாளில் மாற்ற முயன்று முறிகின்றனர். தீர்மானத்தை ஒப்படைப்பாகக் கொள்வோர், ஒரு நாள் வேதவாசிப்புத் தவறியதும் கடவுளே தம்மைக் கைவிட்டதாக அஞ்சுகின்றனர். பொருத்தனையைக் குறித்துப் பிரசங்கியின் ஐந்தாம் அதிகாரம் தரும் எச்சரிக்கை அவசரமான வாய்ச்சொல்லைப் பற்றியது. தவறியபின் எழுந்து நடப்பவனை அது தடுப்பதன்று.

இரண்டாவதாக, அண்மைக்கால உளவியல் ஆய்வுகளும் இப்பட்டறிவைப் பெரிதும் உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்க உளவியலார் ஜான் நார்க்ராசும் அவருடைய துணையாளரும் புத்தாண்டுத் தீர்மானம் செய்த 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முதல் வாரம் தீர்மானத்தைக் காத்தவர் 77 விழுக்காட்டினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் காத்தவர் 19 விழுக்காட்டினர். இதனினும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று அதில் உண்டு. இறுதிவரை வென்றவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் தவறியவர்களே. வென்றோரும் தோற்றோரும் தவறினர். தவறியபின் திரும்பி வந்தோரே வென்றனர். எட்வர்ட்சின் மூன்றாம் தீர்மானம் எத்துணை அறிவுடையது என்பது இதனால் தெளிவாகும். எட்வின் லாக் என்னும் அறிஞர் 1968 முதல் வெளியிட்ட ஆய்வுகள், இயன்றவரை செய்வேன் என்னும் பொதுவான எண்ணத்தினும், தெளிவும் ஓரளவு கடினமும் உடைய குறித்த இலக்கே மிகுந்த பயன் தருவதைக் காட்டின. ஆகவே நிறைவேற்றக்கூடியது என்பதற்கு முயற்சியே வேண்டாதது எனப் பொருள் கொள்ளலாகாது. எட்டு மணிக்கு எழுவதும் ஜான்சனுக்குக் கடினமாகவே இருந்தது.

மூன்றாவதாக, இலக்கின் அளவு மட்டுமன்றி இலக்கின் தேர்வும் ஆராயத்தக்கது. எட்வர்ட்ஸ் தம் உணவைக் கணக்கிட்டார். தம் இல்லத்தில் அடிமைப்பட்டிருந்தவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிராங்க்ளினும் நீதி என்பதைத் தம் பட்டியலில் வைத்துக்கொண்டே அடிமைகளை வைத்திருந்தவர்; முதுமையிலேயே அவர் மாறி, பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790இல் அதன் மனுவில் கையொப்பமிட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். வெஸ்லி 1774இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதினார். நம் தீர்மானப் பட்டியல்களிலும் நம்மால் காண இயலாத வெற்றிடங்கள் இருக்கக்கூடும். வீட்டில் பணி செய்பவருக்கு உரிய கூலி, வரதட்சணை, சாதி வேறுபாடு பற்றிய தீர்மானங்கள் எத்தனை புத்தாண்டு இரவுகளில் செய்யப்பட்டுள்ளன? தன்னைத் தானே ஆராய்பவன் தன் கண்ணுக்குத் தெரிந்த களையையே பறிக்கிறான். பிராங்க்ளினுக்கு அமைந்த குவேக்கர் நண்பரைப்போல் ஒருவர் நமக்கும் வேண்டும்; அவர் கூறுவதைக் கேட்கும் செவியும் வேண்டும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நம் சபைகளுக்குச் சில நடைமுறை முடிவுகளை வகுத்துக்கொள்ளலாம். ஆண்டிறுதி இரவில் ஒப்படைப்பைப் புதுப்பிக்கும் ஆராதனை சிறப்பாக நடைபெறட்டும். அதன்பின் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தீர்மானத்தைத் தேர்ந்து, நாளும் நேரமும் குறித்து எழுதிக்கொள்ளட்டும். வேதம் முழுவதையும் ஓராண்டில் படிக்க எண்ணிப் பலமுறை லேவியராகமத்தில் நின்றுபோனவர், நாளொன்றுக்கு நற்செய்தி நூலில் ஒரு பகுதி எனத் தொடங்கலாம். குடியை விட விரும்புபவர் தம் தீர்மானத்தை மனத்துள் மறைத்து வைக்காமல் நம்பத்தக்க ஒருவரிடம் கூறி, வாரந்தோறும் அவரைச் சந்திக்கலாம். உடல் அக்குடிக்கு அடிமைப்பட்டிருப்பின் மருத்துவரின் துணையையும் நாடலாம். கடன் சுமையால் வருந்தும் குடும்பம், கடன் அனைத்தையும் தீர்ப்பதாக உறுதி கூறாமல், வாரத்திற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கத் தொடங்கலாம்.

ஆயரும் மூப்பரும் பிப்ரவரியிலும், ஈஸ்டரிலும், ஆண்டின் நடுவிலும் இவற்றை நினைவூட்டுதல் நன்று. அந்நினைவூட்டல் கணக்குக் கேட்பவனின் குரலாக அமையாமல், பதினொரு ஏழைகளைத் தம் பொறுப்பில் ஏற்ற அக்கேப்டனின் குரலாக அமைதல் வேண்டும். தவறியவரைக் காணும்போது, ஏன் தவறினீர் என்று தொடங்குவதைவிட, நாளை எந்த மணிக்குத் தொடங்குவோம் என்று கேட்பதே ஆன்மாவைத் தூக்கிவிடும்.

ஜான்சன் 1784 டிசம்பரில் இறக்கும்வரை அதிகாலையில் எழும் பழக்கத்தை முழுமையாக அடைந்தாரல்லர். ஆயினும் அவநம்பிக்கைக்கு அவர் இடங்கொடுக்கவும் இல்லை. ஆண்டு பிறக்கும்போது ஆலயத்தில் நம் அருகே அமர்ந்திருப்பவர்களுள் எத்தனையோ பேர் அவரைப்போலவே பலமுறை முறிந்த தீர்மானத்தோடு வந்தவர்கள். அவர்கள் இவ்வாண்டும் வந்திருக்கிறார்கள் என்பதே பெரிது. அவர்களுடைய தீர்மானத்தை எட்டும் அளவினதாக அமைக்கவும், அது முறிந்தால் மீண்டும் எடுத்துக்கட்டவும் துணை நிற்பது சபையாகிய நம் கடமை.